சீட் இல்லாத மொப்பெட்

போன ஞாயிற்றுக்கிழமை ரெய்னர்ஸ் லேன் பக்கம் ஒரு கல்யாண ரிசெப்ஷன். பேப்பர் தட்டு, பிளாஸ்டிக் கரண்டி — ஆனால் கத்தரிக்காய்க் குழம்பு அசல். இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டு திரும்புகிறேன், ஒரு அம்மா வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார். முகம் தெரியும், பெயர் தெரியாது. லண்டனில் பாதித் தமிழரை எனக்கு அப்படித்தான் தெரியும்.

"தம்பி, நீர்தானே பேப்பரில எழுதுறனீர்?"

"ஓம் அன்ரி."

"உம்மட மனுசி இல்ஃபோர்ட் றோட்டில நிண்டுகொண்டு மோட்டச்சைக்கிள் ஓடுறாவாம். மெய்யே?"

"மெய்தான்."

"ஏன், இருக்கிறதுக்குச் சீட் இல்லையோ?"

"இருக்கு அன்ரி. கொஞ்சம்."

"பேந்தென்னத்துக்கு நிக்கிறா?"

தட்டில் குழம்பு விளிம்புக்கு வந்துவிட்டது. பின்னால் வரிசை நின்றது. இதை எப்படி நான் ஒரு வரியில் சொல்வது? வாயால் கேட்டவர் அவர் ஒருவர்தான். கண்ணால் கேட்டவர்கள் அந்த ஹோல் நிறைய இருந்தார்கள். ஆளுக்காள் சொல்லி வாய் நோவதைவிட இங்கே எழுதிவிடுவது நல்லது.

என் மனைவி பெயர் வதனி. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை நான் போட்டதற்காக அவள் எனக்கு ஒரு வடையாவது சுட்டுத் தர வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அவள் ரீச்சர். சைக்கிள்தான் வாகனம். சண்டைக் காலத்தில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு மேலே ஆமியின் ஹெலிகொப்டர் வந்து சுற்றியது. பிள்ளைகளைப் பங்கர்க் குழிக்குள் இறக்கிவிட்டுக் கடைசி ஆளாகக் குதித்தாள். பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை. இவளுடைய வலது முழங்கால் குழியோரத்துப் பனங்குற்றியில் அடிபட்டு நொறுங்கியது. அந்த நேரம் ஆஸ்பத்திரியில் மருந்தும் இல்லை, ஆளும் இல்லை. எலும்பு எப்படியோ பொருந்தியது, மூட்டு மடிய மறுத்துவிட்டது. லண்டன் டொக்டர்மார் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இனி இவ்வளவுதான்" என்று மரியாதையாகச் சொன்னார்கள். நடக்கலாம். நிற்கலாம். மடிக்க மட்டும் முடியாது. சைக்கிள் மிதிப்பது எப்படி?

"அதனாலென்ன? வேலை பக்கத்தில்தானே?" என்று எல்லோரும் கேட்டார்கள். உண்மைதான், அவள் வேலை செய்கிற நர்சரி எங்கள் தெருமுனையில்தான். கடைக்கு நான் கூட்டிக்கொண்டு போவேன். கோயிலுக்கு நான் கூட்டிக்கொண்டு போவேன். பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடிந்து வந்து, கார்ச் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு கேட்பேன்: "எங்கை போகோணும்? எத்தினை மணிக்கு? எவ்வளவு நேரம் செல்லும்?" மினிகாப்காரர்கூட அவ்வளவு கேட்கமாட்டார்.

ஒருநாள் அவள் சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இஞ்சருங்கோ, எங்கையாவது போகோணும் எண்டு எனக்கு ஆசை வரேக்கை, முதல்ல உங்களுக்கு ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டிக் கிடக்கு. அந்தக் காரணத்தை யோசிச்சு முடியிறதுக்குள்ளை ஆசை போயிடுது."

"நான் எப்பவாவது மாட்டன் எண்டு சொன்னனானே?"

"இல்லை. அதுதான் இன்னும் கரைச்சல்."

எனக்கு அன்று அது விளங்கவில்லை. கோபம்தான் வந்தது. தினமும் ஏற்றி இறக்குகிற ஒருவனுக்கு இப்படியா பேச்சு? என்றாலும் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது… சரி, இவளுக்குத் தானாகப் போய்வர ஒரு வழி செய்வோம் என்று இறங்கினோம்.

பஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மடியாத கால் பஸ்ஸின் நடுவழியில் நீட்டிக்கொண்டு நிற்கும், வருகிறவர் எல்லோரும் தடக்கித் தடக்கி 'ஐ ஆம் சொறி' சொல்வார்கள். இறங்குவதற்குள் கேட்ட சொறிகளிலேயே இவள் களைத்துப்போவாள்.

கார்? பழக்க வந்தவர் பொறுமைசாலி. வலது காலை நீட்டுவதற்கு இடம் வேண்டுமென்று சீட்டைப் பின்னால் தள்ளினார். தள்ளத் தள்ள வதனி ஸ்டியரிங்குக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தாள். கடைசியில் அவளுக்கு றோட் தெரியவில்லை, வானம் மட்டும்தான் தெரிந்தது. ஸ்கூட்டர்? அதில் காலை மடித்து வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். தெருமுனை தாண்டுவதற்குள் வலி இடுப்புவரை ஏறிவிட்டது.

இந்த இடத்தில்தான் நான் ஒரு பிழை விட்டேன். யாழ்ப்பாணத்தான் மட்டுமே விடக்கூடிய பிழை.

நம் ஊரில் 'ட்ரயல்' என்றால் என்ன? லைசென்ஸ் எடுப்பதற்கு வாகனத்தை ஓட்டிக் காட்டுகிற சோதனை. "எழுத்துச் சோதனை பாஸ், ட்ரயலிலதான் கோட்டை விட்டுட்டான்" என்று எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள்! வியாழக்கிழமைகளில் வருகிற விளம்பரப் பேப்பரில் — பழைய சோபாவிலிருந்து பழைய படகுவரை விற்கிற அந்தப் பேப்பரில் — ஒரு வரி என் கண்ணில் பட்டது. 'ட்ரயல்ஸ் பைக், ஸ்பெயின் தயாரிப்பு, நல்ல நிலை.' நான் என்ன நினைத்திருப்பேன் சொல்லுங்கள்? லைசென்ஸ் ட்ரயலுக்கென்றே செய்த பைக்! பழகுகிறவர்களுக்காக, லேசாக, பயமில்லாமல்… ஆகா, ஐரோப்பாக்காரன் எதையும் யோசித்துத்தான் செய்கிறான்!

வதனியையும் ஏற்றிக்கொண்டு றொம்ஃபோர்ட்டுக்கு விட்டேன். விற்கிறவர் பெயர் டெரெக். ஐம்பது வயதிருக்கும், இன்ஷூரன்ஸ் கந்தோரில் வேலை. கராஜ் கதவைத் தூக்கினார். உள்ளே நின்றது ஒரு மெலிந்த, உயரமான, விசித்திரமான மோட்டார் சைக்கிள். சீட் இருக்க வேண்டிய இடத்தில் செருப்பளவுக்கு ஒரு பஞ்சுத் துண்டு. (கொம்பனியின் பெயரைக் கேட்காதீர்கள். நான் எழுதினால் விளம்பரமாகிவிடும், அந்தக் கொம்பனியோ எப்போதோ மூடிவிட்டது.)

"இதிலே ட்ரயல் பாஸ் பண்ணுவது சுலபமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அது பாறையைப் பொறுத்தது" என்றார்.

"பாறையா? சோதனையில் பாறை வருமா?"

"பாறை, சேறு, ஓடை, விழுந்த மரம்… எல்லாம் வரும்."

நான் வதனியிடம் திரும்பித் தமிழில் சொன்னேன்: "இஞ்சை லைசென்ஸ் எடுக்கிறது லேசுப்பட்ட விசயமில்லைப்போல."

விஷயம் விளங்கியதும் டெரெக் சிரித்தார் பாருங்கள்… கராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு விளக்கினார். ட்ரயல்ஸ் என்பது ஒரு விளையாட்டு. வேகம் இல்லை. பாறையிலும் சேற்றிலும் மெல்ல மெல்ல ஏறி இறங்க வேண்டும், காலை நிலத்தில் ஊன்றினால் மார்க் போகும். தொடக்கம் முதல் முடிவுவரை நின்றுகொண்டேதான் ஓட்டுவார்கள். அதனால்தான் சீட்டுக்கு அவ்வளவு மரியாதை இல்லை.

நான் அசடு வழிய நின்றேன். போவோம் என்று வதனியைப் பார்த்தால் அவள் என் பக்கமே இல்லை. டெரெக்கிடம் கேட்டுவிட்டு அந்த பைக்கில் ஏறிக்கொண்டிருந்தாள். ஸ்டாண்டில் நின்ற பைக்கின் கால்மிதிகளில் இரண்டு காலையும் ஊன்றி எழுந்து நின்றாள். ஹேண்டிலைப் பிடித்தாள். முன்னும் பின்னும் அசைந்து பார்த்தாள்.

"இஞ்சருங்கோ…"

"என்னப்பா?"

"கால் நோகேல்லை."

அவள் முகத்தைப் பார்த்தேன். பகிடிக்குச் சொல்லவில்லை. நிற்பதற்கென்று செய்த வண்டி அது. இவளுக்கோ நிற்கத்தான் முடியும். பிரேக்குக்குக் கணுக்கால் போதும், அது ஒழுங்காக வேலை செய்கிறது. அதற்கு மேலே ஒன்று — ஸ்டார்ட் பண்ணுகிற கிக்கர் இடப்பக்கம் இருந்தது. நாங்கள் பார்த்த ஜப்பான் பைக்குகளில் எல்லாம் அது வலப்பக்கம். வலது காலைத் தூணாக ஊன்றிக்கொண்டு நல்ல காலால் உதைக்கலாம்!

உதைத்தாள். எஞ்சின் திருப்பி உதைத்தது. வதனி என் மேலே வந்து விழுந்தாள்.

இருநூற்றைம்பது சிசி எஞ்சின். ஆறடி ஆளுக்குச் செய்தது. தவிர, லைசென்ஸ் இல்லாமல் பழகுகிறவருக்கு நூற்றிருபத்தைந்துக்கு மேல் இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடாது. "போச்சு" என்றேன். டெரெக் தாடையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"சின்ன எஞ்சின் ஒன்று இருந்தது. எழுபத்துநாலு சிசி. ஸ்பெயினில் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அந்த அளவுதான் சட்டம், அவர்களுக்காகச் செய்தார்கள். இதே கிக்கர்தான், இதைவிட உயரமும் குறைவு, பாரமும் குறைவு. ஆனால் இங்கே யாரும் அதை இறக்குமதி செய்யவில்லை. ஒன்றிரண்டு எப்படியோ வந்திருக்கலாம்… நான் கண்டதில்லை. தேடிக் களைத்துப்போவீர்கள்."

'தேடிக் களைத்துப்போவீர்கள்' என்பதை நான் புத்திமதியாக எடுத்துக்கொண்டேன். வதனி சவாலாக எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் போனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள்.

அன்று தொடங்கியது தேடல். பழைய பைக் உடைக்கிற யார்டுகளுக்குப் போன். பைக் சஞ்சிகைகளின் பின்பக்கத்தில் விளம்பரம் போட்டவர்களுக்குப் போன். ஞாயிற்றுக்கிழமைகளில் எசெக்ஸ் பக்கத்து மண்குழிகளில் ட்ரயல்ஸ் நடக்கும், டெரெக் கூட்டிப்போவார். சேற்றுக்குள் பூட்ஸ் போட்டுக்கொண்டு வதனி ஒவ்வொரு ஆளாகப் போய், "எழுபத்துநாலு கண்டீர்களா?" என்று கேட்பாள். முதலில் சிரித்தார்கள். பிறகு அவளைத் தூரத்தில் கண்டாலே, "இன்னும் இல்லை!" என்று கத்தினார்கள். பெயரே 'செவன்ரிஃபோர்' என்று ஆகிவிட்டது.

நம்மவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? குட்மேய்ஸில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற தவம் அண்ணை எங்கள் பழைய சிநேகிதர். மிளகாய்த்தூள் நிறுத்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, கண்டறியாத மோட்டச்சைக்கிள்! மனுசிக்கு விசர் எண்டால் உமக்குமோ?"

"நான் என்ன செய்யிறது அண்ணை? சொன்னாக் கேக்கிறாவே?"

"கேக்கப் பண்ணும்!"

வதனி மரக்கறிப் பக்கத்தில் நின்றது அவருக்குத் தெரியாது. முருங்கைக்காய்க் கட்டோடு வந்து நின்றாள்.

"அண்ணை, உங்கட வான் ஞாயிற்றுக்கிழமையில சும்மாதானே நிக்குது? பைக் கிடைச்சால் ஏத்துறதுக்குத் தருவியளோ?"

தவம் அண்ணை தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுக்கென்ன பிள்ளை, எடுங்கோவன்" என்றார்.

கிடைத்தால்தானே ஏற்றுவதற்கு! லூட்டனில் ஒருவர் தன்னிடம் இருக்கிறது என்று சத்தியம் பண்ணினார். போய்ப் பார்த்தால் பெற்றோல் டாங்கில் எழுபத்துநாலு என்று ஒட்டியிருக்கிறது, கீழே இருப்பதோ பெரிய எஞ்சின். டெரெக் முன்பே சொல்லியிருந்தார்: ஸ்டிக்கரை நம்பவேண்டாம், எஞ்சினிலும் ஃபிரேமிலும் அடித்திருக்கிற நம்பரைப் பார், முதல் எண்கள்தான் எந்த மாடல் என்று சொல்லும், இரண்டும் ஒரே எண்களில் தொடங்கினால்தான் ஒரே வண்டி. ஹேஸ்டிங்ஸில் எஞ்சின் அசல்தான், ஆனால் பைக் இல்லை. எஞ்சினைக் கழற்றிப் பிள்ளைகள் ஓட்டுகிற கார்ட்டில் பூட்டியிருந்தார்கள். பிள்ளைகள் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தார்கள், எப்படிக் கேட்பது?

பிறகு சறே பக்கத்தில் ஒரு பெரிய வீடு. போனில் வீட்டுக்காரரின் குரலே மெத்தை மாதிரி இருந்தது. "ஓம், என்னிடம் இருக்கிறது. வந்து பாருங்கள்" என்றார். போனோம். கம்பளம் விரித்த அறைக்குள், விளக்கு வெளிச்சத்தில், சிவப்பாக, சின்னதாக நின்றது. நம்பர் பார்த்தோம். இரண்டும் ஒன்று. அசல் எழுபத்துநாலு! வதனி டாங்கில் கை வைத்தாள்.

"தயவுசெய்து தொடாதீர்கள்" என்றார் அவர்.

விற்கமாட்டாராம். வந்து பாருங்கள் என்றால் பார்ப்பதற்கு மட்டும்தானாம்.

"கடைசியாக எப்போது ஸ்டார்ட் பண்ணினீர்கள்?" வதனி கேட்டாள்.

"ஸ்டார்ட் பண்ணுவதா? நான் வாங்கியதிலிருந்து ஒருநாளும் இல்லை. இது ஓட்டுவதற்கானது அல்ல, அம்மணி."

திரும்புகிற வழியில் காருக்குள் அழுதாள். துக்கத்தில் இல்லை, கொதியில். "ஓடுறதுக்கெண்டு செய்த சாமானை… பூச்சாடி மாதிரி வைச்சிருக்கிறான்! அவனுக்கு ரெண்டு முழங்காலும் மடியும், எங்கையும் போகலாம், பேந்தேன் அதை அடைச்சு வைச்சிருக்கிறான்?" என்று என்னைக் கேட்டாள், நான்தான் அடைத்து வைத்தவன்போல.

எனக்கும் அலுத்துவிட்டது. அடுத்த நாள் ஷிப்ட். காலில் சேறு. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் நான் அன்பாகத்தான் சொன்னேன்:

"விடுமன் வதனி. ஏன் உடம்பைப் போட்டு வருத்துறீர்? நான்தான் இருக்கிறனே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் இருக்கிறது வேற. நான் போறது வேற."

வீடுவரை எனக்குள் அந்த வார்த்தை பேசிக்கொண்டே வந்தது. எத்தனை வருஷமாக நான் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்! அவளைக் கூட்டிப்போகிற இடமெல்லாம் நான் போன இடம்தானே? இதுவரை அவளுக்காகத் தேடினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் நானும் உண்மையாகத் தேடத் தொடங்கினேன். பெற்றோல் ஸ்டேஷனுக்கு பைக்கில் வருகிற ஒருவரையும் விடவில்லை. மிச்சக் காசைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு கேள்வி, சேர்…" என்று தொடங்குவேன். இரண்டு பேர் வேறு பெற்றோல் ஸ்டேஷனுக்கே மாறிவிட்டார்கள்.

கண்டுபிடித்தது என்னவோ வதனிதான். ஒரு வியாழக்கிழமை, அதே விளம்பரப் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, நாங்கள் ஏன் 'ட்ரயல்ஸ் பைக்' எண்டு போட்ட பகுதியையே பாக்கிறம்?"

"வேற எதைப் பாக்கிறது?"

"அதெண்டு தெரிஞ்சவன் அப்பிடிப் போடுவான். தெரியாதவன்? நீங்கள் ட்ரயல்ஸ் எண்டதை லைசென்ஸ் சோதினை எண்டு நினைச்சியள் எல்லே? அது மாதிரி இதை வைச்சிருக்கிற ஒருத்தருக்கு இது என்னண்டு தெரியாட்டில், என்ன பேர் போடுவினம்?"

யோசித்தேன். சின்ன எஞ்சின். மெலிந்த உருவம். சீட் என்று சொல்ல ஒன்றும் இல்லை…

"மொப்பெட்?"

"ஓம்! பழுதான மொப்பெட்!"

அன்றிலிருந்து மொப்பெட் பகுதி, பிள்ளைகளின் சைக்கிள் பகுதி, தோட்டச் சாமான் பகுதிகூட விடவில்லை. வாரக்கணக்காக ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் வதனி பேப்பரைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடி வந்தாள் — மடியாத காலோடு எப்படி ஓடினாள் என்று கேட்காதீர்கள், ஓடினாள். கான்வி தீவில் ஒரு விளம்பரம். 'மொப்பெட், வெளிநாட்டுத் தயாரிப்பு, சீட் தொலைந்துவிட்டது.'

சீட் தொலைந்துவிட்டது!

தவம் அண்ணையின் வானில் கருவாட்டு வாசத்தோடு போனோம். அவரும் கூட வந்தார், "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்றார். கதவைத் திறந்தது ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. வீட்டில் வாடகைக்கு இருந்த ஒருவர் போகும்போது விட்டுப்போன வண்டியாம். கொட்டிலைத் திறந்தார். பழைய சாக்குகளுக்குப் பின்னால், சிலந்தி வலைக்குள்…

நான் டோர்ச் அடித்தேன். வதனி ஒரு காலை நீட்டிக்கொண்டு நிலத்திலேயே உட்கார்ந்து, சேலைத் துண்டால் ஃபிரேமைத் துடைத்து நம்பரை வாசித்தாள். பிறகு எஞ்சினில் அடித்திருந்ததை வாசித்தாள். திரும்ப முதலாவதை வாசித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். சொல்லத் தேவையே இல்லை.

"மன்னிக்க வேண்டும், சீட்டை எங்கும் தேடிப் பார்த்துவிட்டேன்" என்றார் அந்த அம்மா. "சீட் இல்லாத வண்டிக்கு உங்களிடம் அதிகம் கேட்கமாட்டேன்."

தவம் அண்ணை என் விலாவில் இடித்தார். நான் வதனியின் தோளைத் தொட்டேன். வாயைத் திறந்துவிடாதே என்று அர்த்தம். பதினெட்டு மாதச் சேறு, அழுகை, போன் எல்லாம் அந்தக் கொட்டிலுக்குள் வந்து நிற்கின்றன. உண்மை தெரிந்தால் இவர் நாளைக்கே அந்தச் சறே கம்பள அறைக்காரருக்கு விற்றுவிடலாமே?

"சீட் தொலையவில்லை, அம்மா" என்றாள் வதனி. "இது இப்படித்தான். இது மொப்பெட் இல்லை. மிக அரிதான வண்டி. இதற்காகக் கூடக் காசு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்."

"அறுவான்!" என்று சபித்தார் தவம் அண்ணை, தமிழில், கூரையைப் பார்த்து.

அந்த அம்மா சிறிது நேரம் வண்டியைப் பார்த்தார். வதனியின் நீட்டிய காலைப் பார்த்தார். "நீங்கள் இதை என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டார்.

"ஓட்டப்போகிறேன்."

"அப்படியானால் விளம்பரத்தில் போட்ட விலை போட்டதுதான். கொண்டுபோங்கள். அவர்கள் என்னிடம் வந்து கேட்கவில்லையே, நீங்கள்தானே வந்தீர்கள்."

வானில் ஏற்றும்போது தவம் அண்ணை புறுபுறுத்துக்கொண்டே ஏற்றினார். குட்மேய்ஸ் வரும்போது வதனியை ஒருதரம் திரும்பிப் பார்த்து, "பிள்ளை, நீர் கடை வைச்சால் ஒரு மாதம் தாங்காது" என்றார். பிறகு தானே சிரித்துவிட்டார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெரெக் வண்டியைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலையில் இறங்கினார். கேபிள், விளக்கு, ஹோர்ன் எல்லாம் அவரே பூட்டினார். வண்டிக்கான வருடாந்தச் செக் முடிந்தது. லைசென்ஸ் கந்தோருக்கு முழங்காலைப் பற்றி அறிவித்தோம், தடை சொல்லவில்லை. பழகுகிறவர் என்று காட்டுகிற சிவப்பு 'எல்' பலகையை முன்னும் பின்னும் கட்டிக்கொண்டு வதனி பழகினாள். விழுந்தாள், எழும்பினாள். இடது காலால் உதைத்தால் முதல் உதையில் பிடிக்கும். சோதனைக்கு வந்தவர், "ஏன் நிற்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். முழங்காலைத் தட்டிக் காட்டினாளாம். நின்றுகொண்டே ஓட்டுகிற ஓர் ஆளை அவர் பாஸ் பண்ணியது அதுதான் முதல் தடவையாம்.

பாஸ் பண்ணியபிறகு வந்த சனிக்கிழமை. பின்னேரம் ஹெல்மெட்டை எடுத்தாள், ஜாக்கெட்டைப் போட்டாள், "வாறன்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் தெருமுனையில் திரும்பிவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரமாகியும் ஆளைக் காணவில்லை. ஜன்னலடிக்குப் போனேன், வந்தேன். தவம் அண்ணைக்குப் போன் பண்ணினேன், அங்கும் இல்லை. எங்கே போயிருப்பாள்? யாரைப் பார்க்க? பெற்றோல் போதுமோ? நேரம் போகப் போகக் கொதி ஏறியது. என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன்.

வந்தாள். கன்னமெல்லாம் குளிரில் சிவந்திருந்தது. சப்பாத்தில் எந்த ஊர்ச் சேறோ தெரியவில்லை.

"எங்கை போனனீர்?"

"ஓரிடமும் இல்லை."

"ஆரைப் பாத்தனீர்?"

"ஒருத்தரையும் இல்லை."

"அப்ப இவ்வளவு நேரமும் என்னத்துக்குப் போனனீர்?"

ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் நான் அவள் முகத்தில் காணாத சிரிப்பு.

"என்னாலை போக ஏலும். அதுதான் போனனான்."

அடுக்கி வைத்திருந்த மற்றக் கேள்விகளை எல்லாம் விழுங்கிக்கொண்டு, தேத்தண்ணி வைக்க நான் குசினிக்குப் போனேன்.